குன்றின் இருபத்தைந்தாவது ஆள்

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, செஞ்சி கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த அந்த ஒற்றை அறைக்குள் பிரம்மி டீச்சர் வந்து உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"திங்கக்கிழமை இதுல கையெழுத்துப் போடணும் மேடம். அதுக்குள்ள எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாகணும். என் வீட்டுக்காரர் பேயா, ஆளா?"

தனசேகரன் நோட்டைத் திறந்து 'பேய் / ஆள்' என்று எழுதினான். பக்கத்தில் 'பொருந்தாததை அடிக்கவும்' என்று குறித்துக்கொண்டான்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த மீனம்பாள் இதற்கெல்லாம் அசைகிறவள் இல்லை. இருபது வருடம் கோர்ட்டில் அமீனாவாக இருந்து, வீடு வீடாகப் போய் சம்மன் கொடுத்தவள். சம்மனைக் கண்டதும் மாட்டுக் கொட்டகையில், வைக்கோல் போரில், ஒரு தடவை தண்ணீர்த் தொட்டிக்குள்ளேயே ஒளிந்தவர்களைக் கண்டுபிடித்த அனுபவம் உண்டு. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு அதே வேலையைத் தனியாகச் செய்கிறாள். போர்டில் 'துப்பறியும் நிலையம்' என்று இருந்தது. தனசேகரன் அதன் மொத்த ஊழியர் பலம். சட்டம் படித்தவன். சட்டப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதலாம் என்று அனுமதிக்கப்பட்ட தேர்வில் மூன்று முறை தோற்றவன்.

மீனம்பாள் தாளைத் தள்ளினாள். "படி தனா."

விவாகரத்து மனு. வக்கீல் பூங்குழலி ஓட்டை இல்லாமல் தயாரித்திருந்தார். கல்யாணம் நடந்தது மேல்சித்தாமூரில். கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்தது செஞ்சியில். மனைவி இப்போது வசிப்பதும் செஞ்சியில். மூன்றில் ஒன்று இந்த எல்லைக்குள் இருந்தாலே இங்கே மனு போடலாம். இவளுக்கு மூன்றுமே இருந்தது. கல்யாணமாகி ஒரு வருடமாவது கழிந்திருக்க வேண்டும், ஒன்பது கழிந்திருந்தது. ஜைனர்களுக்கும் இந்துத் திருமணச் சட்டம்தான் என்பதால் அங்கேயும் இடிக்கவில்லை. கல்யாணப் பத்திரிகை, போட்டோ, ஆதார் நகல் எல்லாம் பின் அடித்துத் தயார். கடைசியில் காரணம்: எதிர்மனுதாரர் சுதர்சன் உயிரோடு இருப்பதாக, ஏழு ஆண்டுகளுக்கு மேலாக, தகவல் வந்திருக்க வேண்டிய எவருக்கும் தகவல் இல்லை.

"எட்டு வருஷம் ஆச்சு," என்றாள் பிரம்மி. "காலையில பால் வாங்கப் போனவர். பால் பாத்திரம்கூட வரல."

"இப்ப இன்னாம்மா அவசரம்?"

"ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுக்கப் பதிவு பண்ணப் போனேன். கல்யாணமானவங்கன்னா புருஷன் சம்மதம் வேணும்னாங்க. புருஷன் எங்கன்னாங்க. இல்லன்னேன். அப்ப விதவையான்னாங்க. தெரியலன்னேன்." அவள் கைக்குட்டையை நாலாக மடித்தாள். "கணக்கு டீச்சர் மேடம் நான். எந்தக் கேள்விக்கும் தெரியலன்னு எழுதினா மார்க் கிடையாதுன்னு பசங்ககிட்ட சொல்றவ."

"மனுதான் தயாரா இருக்குதே. போட்டுட வேண்டியதுதானே?"

பிரம்மி வாசலை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"மூணு மாசத்துல மூணு தடவை. காலையில கதவைத் திறந்தா வாசல்ல ஒரு இடம் மட்டும் பெருக்கியிருக்குது. சுத்தியும் புழுதி, வேப்பிலை. நடுவுல இவ்வளவு இடம்," கையால் ஒரு வட்டம் காட்டினாள், "ஒரு ஆள் உக்கார்ற அளவு. தூசி இல்ல. காலடித் தடமும் இல்ல."

தனசேகரனின் பேனா நின்றது.

"பக்கத்து வீட்டுல ஏவல்னாங்க. நான் நம்பல. போன வாரம் என் கிளாஸ் பொண்ணோட அம்மா, சிங்கவரத்துக்காரங்க, இவரை முன்னாடியே தெரிஞ்சவங்க, சொன்னாங்க. அங்க திருநாதர்குன்றுல பட்டப்பகல்ல பேய் உக்காருதாம். முகம் அச்சு அசலா உங்க வீட்டுக்காரர் மாதிரியேன்னு." அவள் மனுவின் கடைசிப் பக்கத்தைத் தொட்டாள். "பேய்னா நான் கையெழுத்துப் போடலாம். ஆள்னா இது பொய்ச் சத்தியம். நான் பண்ண மாட்டேன்."

மீனம்பாள் இணைப்புகளைப் புரட்டினாள். ஒரு தாளில் விரல் நின்றது. "இது?"

"எங்க அத்தை ஜீவரத்தினம் எழுதிக் குடுத்தது. எட்டு வருஷமா மகன் பத்தித் தகவலே இல்லன்னு."

"கேட்ட உடனே குடுத்தாங்களா?"

"கேக்கறதுக்கு முன்னாடியே குடுத்தாங்க."

"அப்படியா," என்றாள் மீனம்பாள். பிரம்மி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போன பிறகுதான் மீதியைச் சொன்னாள். "காணாமப் போன புள்ள செத்துட்டான்னு ஊரே சொன்னாலும் பெத்தவ ஒத்துக்க மாட்டா. சோதனை பண்ணி எலும்பைக் கையில குடுத்தாலும் இது அவனோடது இல்லம்பா. இந்தம்மா வரிசையில நின்னு கையெழுத்துப் போட்டிருக்குது. நான் சம்மன் குடுத்த காலத்துல, எம்புள்ள ஊர்லயே இல்லன்னு ஒரு அம்மா சொன்னா, நேரா உள்ள போய்க் கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாப்பேன்."

"பேய் கட்டிலுக்கு அடியில இருந்தா குனியறது நீங்க மட்டும்தான்க்கா," என்றான் தனசேகரன். "நான் வண்டியப் பாத்துக்கறேன்."

*

சிங்கவரத்தைத் தாண்டி வயல்களுக்கு நடுவே ஸ்கூட்டரை நிறுத்தினார்கள். வேர்க்கடலைக் கொல்லை முடிகிற இடத்தில் குன்று தொடங்கியது. மேலே பெரிய பாறை. அதில் இரண்டு வரிசையாக, பன்னிரண்டு பன்னிரண்டாக, அமர்ந்த கோலத்தில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்கள். எல்லாருக்கும் ஒரே முகம், ஒரே அமைதி. ஆயிரம் வருடத்துக்கு மேலாக யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருக்கிற கூட்டம். காலை ஒன்பது மணி வெயில் பளிச்சென்று அடித்தது. இருந்தும் அந்தப் பாறையைப் பார்த்தபோது தனசேகரனுக்கு முதுகில் யாரோ ஈரத் துணியை வைத்தது போலிருந்தது. இருட்டில் பயம் வந்தால் டார்ச் அடிக்கலாம். வெயிலில் வந்தால் என்ன செய்வது என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

ஆடுகள் அடிவாரத்தோடு நின்றுவிட்டிருந்தன. அவற்றை ஓட்டி வந்த மணிமொழிக்கு ஐம்பது வயதிருக்கும். மேலே கையைக் காட்டாமல், தாடையால் காட்டிப் பேசினாள்.

"சின்ன புள்ளையில இருந்து பாக்குறேன். பாறையில சாமி இருவத்திநாலு. தை மாசத்துல இருந்து இருவத்தஞ்சு."

"எண்ணும்போது தப்பு வந்திருக்கும்மா," என்றான் தனசேகரன்.

"முப்பத்தோரு ஆடு ஓட்டினு வரேன் சார். சாயங்காலம் முப்பதா ஊடு திரும்பினா எங்க ஊட்டுக்காரன் சோறு துன்ன விடுவானா? எனக்கா எண்ணத் தெரியாது?"

தனசேகரன் வாபஸ் வாங்கினான்.

"மத்த சாமிக்குப் பக்கத்துல, கீழ் வரிசை ஓரமா உக்காந்துக்கும். வெள்ளையா இருக்கும். ஆடாது, அசையாது. உக்கார்றதுக்கு முன்ன கையில இன்னாவோ வெச்சினு தரையப் பெருக்கும். கொழந்த முதுகத் தடவுற மாதிரி. தடமே இருக்காது."

"அக்கா, என் ரூமுக்கு ஒரு நாள் அனுப்பி வெக்கச் சொல்லிக் கேளுங்க. மூணு மாசமா பெருக்க ஆள் கிடைக்கல," என்றான் தனசேகரன். அவன் குரல் அவனுக்கே கீச்சென்று கேட்டது.

"வேற யாராவது மேல போறாங்களா?" என்றாள் மீனம்பாள்.

"இங்க புதுசா வாடகைக்கு வந்துக்குதே, ஜீவரத்தினம்னு, அந்தம்மா. அது புள்ளையாம் அந்தப் பேய். டெய்லி பத்தரைக்குச் சோறு எடுத்துனு போய்ப் படைக்கும். திரும்பி வரும்போது நான் தட்டப் பாத்தேன்." மணிமொழி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "தட்டுல சோறு பட்ட தடமே இல்ல. விரல் வெச்ச தடமும் இல்ல. காலையில கழுவின மாதிரியே இருக்குது. ஆனா குண்டான்ல சோறு காணோம்."

"பத்தரை மணிக்கா? பேய்க்கும் ஆபீஸ் டைமா?" என்றான் தனசேகரன்.

மீனம்பாள் அதற்குள் ஏற ஆரம்பித்திருந்தாள். வேறு வழியில்லாமல் அவனும் ஏறினான். மேலே யாரும் இல்லை. கீழ் வரிசையின் ஓரத்தில், பாறையின் அடியில், ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு ஓர் இடம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. அவன் அதை மிதிக்காமல் சுற்றிப் போனான். சுற்றிப் போனதில்தான் ஒரு பொந்தைப் பார்த்தான்.

பாறையிடுக்கில் சாம்பல். சாம்பலுக்குள் ஒரு கைப்பிடி தலைமுடி.

"சூனியம்க்கா," என்றான். "போயிடலாம். ஃபீஸைத் திருப்பிக் குடுத்துடலாம்."

மீனம்பாள் ஒரு முடியை எடுத்து வெயிலில் பிடித்தாள். பிறகு இன்னொன்று. இன்னொன்று. "கத்திரி போட்ட முடிக்கு வேர் இருக்காது தனா. இதுல எல்லாத்துக்கும் இருக்குது. கையால பிடுங்கினது."

தனசேகரனின் கை தன் தலைக்குப் போயிற்று.

"சண்டையில பிடுங்கினா கொத்தா வரும், தோலும் ரத்தமுமா இருக்கும். இது கொஞ்சம் கொஞ்சமா, பொறுமையாப் பிடுங்கினது. வழுக்கக் கூடாதுன்னு சாம்பல் தொட்டிருக்காங்க." அவள் முடியை எடுத்த இடத்திலேயே வைத்தாள். "வாசல்ல உக்காந்து யோசிக்கற பேய். பெருக்கிட்டு உக்கார்ற பேய். தன் தலையத் தானே பிடுங்கிக்கற பேய். ரொம்ப ஒழுக்கமான பேயா இருக்குதே."

*

ஜீவரத்தினம் அம்மாளின் வாடகை வீடு கொல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவள் குடத்து வாயில் வெள்ளைத் துணியைக் கட்டித் தண்ணீர் வடிகட்டிக்கொண்டிருந்தாள். அடுப்பிலிருந்து சோறு இறங்கியிருந்தது. வந்தவர்களை உட்காரச் சொல்லவில்லை.

"எம்புள்ள போயிட்டான். போன புள்ளைக்குத் தாய் சோறு வெக்கறதுல கோர்ட்டுக்கு என்ன வந்தது?"

"கோர்ட்டுக்கு ஒண்ணுமில்லம்மா. நான் கோர்ட்ட விட்டே வருஷமாச்சு," என்றாள் மீனம்பாள். "எப்ப இருந்து வெக்கிறீங்க?"

"தை மாசத்துல இருந்து. கனவுல வந்து பசிக்குதுன்னான்."

"நீங்க எழுதிக் குடுத்த தாள்ல மேல்சித்தாமூர்ல சொந்த வீடுன்னு இருக்குதே. இங்க எதுக்கு வந்தீங்க?"

"அங்க இருந்தா அவன் நெனப்பு வந்துட்டே இருக்குது." சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. அழுகை பொய்யில்லை. அதுதான் தனசேகரனைக் கலக்கியது. அவன் சாட்சிகளைப் பொய்யிலிருந்து பிரித்தெடுக்கும் விதிகளை மனப்பாடமாக வைத்திருந்தான். நிஜமாக அழுதுகொண்டே பொய் சொல்கிறவர்களுக்கு அதில் பிரிவு இல்லை.

வெளியே வந்ததும் அவன் ஸ்கூட்டர் சாவியை எடுத்தான். "பாவம்க்கா. எங்கம்மாவும் ஆடி அமாவாசைக்கு நைனாவுக்குப் படைச்சிட்டு, காக்கா வர்ற வரைக்கும் யாரையும் சாப்பிட விடாது. ஒரு வருஷம் காக்கா மூணு மணிக்குத்தான் வந்தது. பேய்தான்க்கா இது. டீச்சர் தைரியமாக் கையெழுத்துப் போடட்டும்."

"அவன் நெனப்பு வரக் கூடாதுன்னு, அவன் பேயா உக்காந்திருக்கிற ஊர்லயா வாடகைக்கு வருவாங்க?"

தனசேகரன் சாவியைத் திரும்பப் பையில் போட்டான்.

"இன்னொண்ணு. உங்க வீட்டுல படைப்பீங்க. எங்க வீட்டுலயும் படைப்போம்." மீனம்பாள் போனை எடுத்தாள். "அவங்க வீட்டுல?"

ஸ்பீக்கரில் பள்ளிக்கூடத்து இரைச்சலோடு பிரம்மியின் குரல் வந்தது.

"டீச்சர், உங்க ஜனங்கள்ள செத்தவங்களுக்குச் சோறு படைக்கிற வழக்கம் உண்டா?"

"இல்லையே மேடம். எங்களுக்குத் திதி, திவசம், படையல் எதுவுமே கிடையாது. உயிர் உடம்பை விட்டதும் நேரா அடுத்த பிறப்புக்குப் போயிடும். சாப்பாட்டுக்காக யாரும் காத்துட்டு இருக்க மாட்டாங்க. ஏன் கேக்கறீங்க?"

"உங்க அத்தை டெய்லி பத்தரைக்குப் படைக்கிறாங்க."

"அத்தையா?" என்றாள் பிரம்மி. "அத்தை அப்படிப் பண்ண மாட்டாங்க. வருஷம் முழுக்க விரதம் இருக்கறவங்க. அப்ப அவங்க... யாருக்கு மேடம் சோறு வெக்கிறாங்க?"

"உயிரோட இருக்கிறவருக்கும்மா."

ஜீவரத்தினம் அம்மாள் செய்த ஒரே தப்பு அதுதான். ஊர் வாயை மூட ஒரு காரணம் வேண்டியிருந்தது. பக்கத்து வீடுகளில் நடப்பதைப் பார்த்து, அவர்கள் வழக்கத்தை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். சிங்கவரத்தில் ஒருவருக்கும் அது உறுத்தவில்லை, அவர்கள் எல்லாரும் படைக்கிறவர்கள்.

மீனம்பாள் மற்றதையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். துடைத்த இடம். சாம்பலும் வேரோடு பிடுங்கிய முடியும். கை படாத தட்டு.

"ஒரு நாளைக்கு ஒரே வேளை," என்றாள் பிரம்மி, யாருக்கோ பாடம் ஒப்பிப்பது போல. "நின்னுட்டே சாப்பிடணும். தட்டு கூடாது, ரெண்டு கையையும் சேர்த்து அதுல வாங்கணும். உக்கார்ற இடத்துல எறும்பு சாகக் கூடாதுன்னு மயில்பீலியால கூட்டிட்டு உக்காரணும். முடியைக் கையாலதான் களையணும்." மூச்சு விடும் சத்தம். "முனிவருங்க மேடம். எங்க முனிவருங்க. ரெண்டு பீரியட் பர்மிஷன் போட்டுட்டு வர்றேன்."

போன் அணைந்தது. தனசேகரன் நோட்டைத் திறந்து பேயை அடித்தான். உடனே முகம் மலர்ந்தது.

"அக்கா! உலகத்தைத் துறந்து துறவற சங்கத்துல சேர்ந்துட்டா அதுவே விவாகரத்துக்குத் தனிக் காரணம். பதிமூணாவது பிரிவுல முந்தின வரியிலேயே இருக்குது. ஏழு வருஷக் காரணத்த எடுத்துட்டு இதப் போட வேண்டியதுதான். திங்கக்கிழமை கேஸ் கிளியர்!"

"சேர்ந்திருந்தா," என்றாள் மீனம்பாள்.

*

பத்தரைக்கு மூவரும் ஏறினார்கள். பிரம்மி பள்ளி அடையாள அட்டையைக் கழற்ற மறந்திருந்தாள். அது ஒவ்வொரு படிக்கும் மார்பில் தட்டியது. காற்று நின்றிருந்தது. கீழே ஆட்டு மணிச் சத்தம்கூட இல்லை. பாறையை நோக்கி நிமிர்ந்தபோது தனசேகரன் தன்னையறியாமல் எண்ண ஆரம்பித்தான். மேல் வரிசை பன்னிரண்டு. கீழ் வரிசை பன்னிரண்டு.

இருபத்தைந்தாவது ஆள் எழுந்து நின்றான்.

இடுப்பில் ஒற்றை வெள்ளைத் துணி. தலை முழுக்கச் சாம்பல், நடுவே அங்கங்கே பிடுங்காமல் விட்ட முடி, அறுப்பு முடிந்த வயல் மாதிரி. விலா எலும்பை எண்ணலாம். பக்கத்தில் ஒரு மயில்பீலிக் கட்டு. கொல்லையில் பொறுக்கிய இறகுகளைச் சாக்குச் சணலால் கட்டியது. எதிரே ஜீவரத்தினம், அவன் சேர்த்து நீட்டிய கைகளில் சோற்றை உருட்டி வைத்துக்கொண்டிருந்தாள். தட்டு, குண்டானுக்கு மூடியாக இருந்துவிட்டு, ஓரமாகச் சும்மா கிடந்தது.

அவன் பிரம்மியைப் பார்த்தான். கைகள் பிரிந்தன. சோறு பாறையில் விழுந்தது.

"கை பிரிஞ்சா அவ்வளவுதான், இன்னிக்கு இனிமே சாப்பிட மாட்டான்," என்றாள் ஜீவரத்தினம். "போதுமா?"

எட்டு வருடம் ஒரு மனிதனைக் காணாமல் இருந்தவள், கண்டதும் என்ன செய்வாள் என்று தனசேகரன் பயந்துகொண்டே பார்த்தான். பிரம்மி ஒன்றும் செய்யவில்லை. கரும்பலகையில் தப்பாகப் போட்ட கணக்கைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தனசேகரன் நோட்டை நீட்டினான். "சார், எந்த சங்கம், எந்த குரு, தீட்சை தேதி, இந்த மூணு மட்டும் சொல்லிட்டீங்கன்னா..."

"தீட்சையா?" என்றாள் தாய். "எவரும் குடுக்கல. அவனா போட்டுக்கிட்ட வேஷம் இது."

மீனம்பாள் 'சொன்னேனே' என்று சொல்லவில்லை. அதைவிட மோசமாக, பார்த்தாள்.

"எட்டு வருஷம் கர்நாடகத்துல முனிவருங்க பின்னாடியே நடந்தான். கூட்டிப் பெருக்கினான், வெந்நீர் போட்டான். தீட்சைன்னு போய் நின்னா ஒவ்வொருத்தரும் ஒரே கேள்வி. பெத்தவ சரின்னாளா? சரின்னா. கட்டினவ?" ஜீவரத்தினம் முந்தானையால் கையைத் துடைத்தாள். "கட்டினவ அனுமதி இல்லாம சேர்க்க மாட்டோம், போய்க் கேட்டுட்டு வான்னு தை மாசம் திருப்பி அனுப்பிட்டாங்க."

"நீங்க சரின்னீங்களா அத்தை?" என்றாள் பிரம்மி. "அன்னிக்கே? அவர் போறது உங்களுக்குத் தெரியுமா?"

"வேணாம்னு தடுத்தா எனக்குப் பாவம். அதனால சரின்னேன். பிரம்மிகிட்டயும் கேட்டுட்டுப் போடான்னேன்." தாயின் முகம் கோணியது. "கேக்க மாட்டான்னு எனக்குத் தெரியும். பந்தியில இன்னொரு கரண்டி சாம்பார் கேக்கத் தெரியாதவன் அவன். எனக்குப் பாவமும் வராது, அவனும் போக மாட்டான்னு நெனச்சேன். கேக்காமயே போயிட்டான்."

"அப்புறம் ஏன் தகவலே இல்லன்னு எழுதிக் குடுத்தீங்க?" என்றாள் மீனம்பாள்.

"இவ வெலகிப் போயிட்டா அனுமதி குடுக்க ஆளே இல்ல. ஆளில்லன்னா எந்தக் குருவும் சேர்க்க மாட்டாரு. இங்கயே உக்காந்திருப்பான். பேய்னே சொல்லிக்கட்டும். பத்தரைக்கு வந்தா என் கையால ஒரு வாய் வாங்கிப்பான்."

"அம்மா, பொண்டாட்டியே இல்லன்னா அப்புறம் பொண்டாட்டி அனுமதி எதுக்கு?" என்றான் தனசேகரன். "விவாகரத்து ஆன மறுநாளே தாராளமாச் சேர்த்துக்குவாங்களே!"

ஜீவரத்தினம் அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று தேர்வுகளில் வராத சரியான பதில், அவனுக்கு இங்கே வந்து வாய்த்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மீனம்பாள் பிரம்மியின் பக்கம் திரும்பினாள். "டீச்சர், உங்க மனு இப்ப செல்லாது. ஏழு வருஷமாத் தகவல் இல்லன்னு எழுதின ஆளு எதிர்ல நிக்கறாரு. துறவின்னும் எழுத முடியாது, யாரும் சேர்த்துக்கல. ரெண்டு வருஷத்துக்கு மேல விட்டுட்டுப் போனார்னு தனியாப் போடலாம். சம்மன், வாய்தா, சாட்சின்னு அது இழுக்கும். இன்னொரு வழி இருக்குது. ரெண்டு பேரும் சேர்ந்து சம்மதிச்சுப் போடறது. ஒரு வருஷம் பிரிஞ்சு இருந்திருக்கணும், உங்களுக்கு எட்டு. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். ஆறு மாசம் கழிச்சு ரெண்டு பேரும் திரும்ப வந்து அதையே சொல்லணும். குறைக்கச் சொல்லிக் கேக்கலாம், நம்பி உக்காரக் கூடாது."

"அப்ப எனக்கு இவர் கையெழுத்து வேணும்," என்றாள் பிரம்மி மெதுவாக. "இவருக்கு என் அனுமதி வேணும்."

"எட்டு வருஷமா ரெண்டு பேரும் ஒருத்தர் சாவிய இன்னொருத்தர் வெச்சிருக்கீங்க," என்றாள் மீனம்பாள்.

பிரம்மி இரண்டடி முன்னால் போனாள். அவன் பின்வாங்கினான். பின்னால் பாறை இருந்தது.

"மூணு தடவை என் வாசல் வரைக்கும் வந்திருக்கீங்க. கூட்டிட்டு, உக்காந்துட்டு, எழுந்து போயிருக்கீங்க. என்ன கேக்க வந்தீங்க?"

"அவனுக்கு உன் அனுமதி..." என்று தொடங்கினாள் ஜீவரத்தினம்.

"நீங்க சொல்லாதீங்க அத்தை. அவர் கேக்கட்டும்."

அவன் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. இன்னொரு முறை அசைந்தது.

"அனுமதி வேணும்."

துருப்பிடித்த கதவு திறக்கிற குரல். இதைச் சொல்ல ஒரு மனிதன் கர்நாடகம் வரை நடந்து திரும்பியிருக்கிறான் என்று நினைத்தபோது தனசேகரனுக்கு வெடித்துச் சிரிக்கலாமா, அவனையே அடிக்கலாமா என்று புரியவில்லை.

"இவ்வளவுதானா?" என்றாள் பிரம்மி. "பால் வாங்கப் போற அன்னிக்குக் கேட்டிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேன். அழுதிருப்பேன். சண்டை போட்டிருப்பேன். ஆனா குடுத்திருப்பேன். எங்க வீட்டுலயும் ரெண்டு தாத்தா முனிவரானவங்கதான். நான் மாட்டேன்னு சொல்லுவேன்னு எப்படி நெனச்சீங்க? ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து கதவைத் திறந்து பாத்தேனே, அதுக்கு யார் அனுமதி குடுத்தது?"

அவன் தலை குனிந்து நின்றான். பாறையிலிருந்தவர்களில் அவன் ஒருவனுக்கு மட்டும்தான் கண்ணீர் வந்தது.

"இப்பவும் குடுக்கறேன்," என்றாள் அவள். "ஆனா முதல்ல எனக்குக் கையெழுத்து. அப்புறம் உங்களுக்கு அனுமதி. இன்னும் ஆறு மாசம் நீங்க உயிரோட இருக்கணும்."

"கோர்ட்டுக்கு இந்தக் கோலத்துலயா வருவான்?" என்றாள் தாய் பலவீனமாக.

"சட்டை போடணும்," என்றாள் மீனம்பாள். "ஆதார்ல இருக்கிற மூஞ்சி வேணும், அதனால முடிய வளர விடணும். செருப்பு கட்டாயம் இல்ல." குனிந்து, ஓரமாகக் கிடந்த தட்டை எடுத்து ஜீவரத்தினத்திடம் கொடுத்தாள். "ஆறு மாசத்துக்கு அவரு சாமியாரும் இல்ல, பேயும் இல்ல. உங்க புள்ள. வீட்டுல உக்கார வெச்சு இதுல போடுங்க. அதுக்கு மேல என்னால சட்டத்துல இடம் வாங்க முடியாது."

ஜீவரத்தினம் தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஆறு மாதத்தில் எத்தனை நாள் என்று கணக்குப் போடுகிறவளைப் போல விரல்கள் அதன் விளிம்பில் நகர்ந்தன.

"இன்னொண்ணு சார்," என்றான் தனசேகரன். "கோர்ட்டுல டவாலி வாசல்ல நின்னு பேரை மூணு தடவை கூப்பிடுவாரு. பதில் வரலன்னா ஆளு இல்லன்னு எழுதிடுவாங்க. அப்புறம் எல்லாம் திரும்ப முதல்ல இருந்து."

பிரம்மி அவனைப் பார்த்தாள். பிறகு நாலடி பின்னால் நகர்ந்து நிமிர்ந்து நின்றாள். வருகைப் பதிவேடு கையில் இல்லாத குறைதான்.

"சுதர்சன்."

பாறை அதை வாங்கிக்கொண்டது.

"சுதர்சன்."

கீழே எங்கேயோ ஓர் ஆடு கத்தி, நிறுத்தியது.

"சுதர்சன்."

ஜீவரத்தினம் தட்டை நெஞ்சோடு அணைத்தபடி எழுந்தாள். மகன் முதுகில் கையை வைத்துத் தள்ளினாள்.

"சொல்லுடா. கூப்பிடறா பாரு."

"இருக்கேன்," என்றான் அவன்.